இரண்டு அடுக்கு மிலார்

மரம் விழுந்திருக்காம் சார். கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துட்டு வந்து இப்பதான் சொன்னார். பெரிய கற்பூர மரமாம், ரோட்டுக்குக் குறுக்க. குன்னூர்ல இருந்து வண்டி வரணும், அறுக்கணும், இழுத்துப் போடணும். ஒரு மணி நேரம்னு அவர் சொல்றார். நான் ரெண்டுன்னு வச்சுக்கிறேன். உக்காருங்க, உக்காருங்க. கீழ இறங்கி நின்னீங்கன்னா அட்டை ஏறும்.

உங்க பையில இருக்கறது ஜெரேனியம்தானே? ஈரப் பேப்பர்ல சுத்தியிருக்கற பக்குவத்தைப் பார்த்ததுமே நினைச்சேன், இது கடையில வாங்கினது இல்லன்னு. தங்கச்சி வீட்டுக்கா? கோயமுத்தூர் வெயில்ல அது பிழைக்காதே சார். சரி, ஆசையா எடுத்துட்டுப் போறீங்க, நான் எதுக்கு வாயை வைக்கணும். நிழல்ல வைக்கச் சொல்லுங்க. காந்தல்ல இருந்து வர்றீங்களா? நல்ல மண்ணு அங்க.

நானும் தோட்டக்காரன்தான். ஞானசிகாமணின்னு பேரு. பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது, மேஸ்திரின்னா தெரியும். ஊட்டியில ஒரு பெரிய ஸ்கூல் தோட்டத்துல முப்பத்தாறு வருஷம். எனக்குக் கீழ பதினாலு ஆளு. ரிடயர் ஆகி, பெர்ன்ஹில் தாண்டி எங்க காலனியில உக்காந்திருக்கேன். நாப்பத்திரெண்டு வீடு. எல்லா வீட்டு முன்னாடியும் நாலு பாத்தி. மே மாசம் சங்கத்துல வீட்டுத் தோட்டப் போட்டி வைப்பாங்க. பதினோரு வருஷம் கப்பு என் வீட்டுலதான் இருந்தது.

கப்பு கிடக்கட்டும் சார். அது பித்தளை. புளி போட்டுத் தேய்க்கிறது என் சம்சாரம், எனக்கென்ன. எனக்குப் பெரிசு எதுன்னா, நவம்பர் பொறந்ததும் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில காலனி ஆளுங்க ஒவ்வொருத்தரா என் வீட்டு இரும்புக் கேட்டு முன்னாடி வந்து நிப்பாங்க. "மேஸ்திரி, இந்த வருஷம் பனி எப்ப?"னு கேப்பாங்க. நான் உடனே சொல்லமாட்டேன். டீயைக் குடிச்சு முடிப்பேன். வானத்தைப் பார்ப்பேன். அப்புறம் சாக்பீஸ் எடுத்து கேட்டுல தேதி எழுதுவேன். நவம்பர் இருபதுன்னா இருபது. அன்னைக்கு நாப்பத்திரெண்டு வீட்டுலயும் மிலார் போட்டு மூடிடுவாங்க. பிப்ரவரியில இன்னொரு தேதி எழுதுவேன், அன்னைக்கு எல்லாரும் எடுத்துடுவாங்க. மிலார் உங்களுக்குத் தெரியாததா, காட்டுல வளர்ற குச்சிச் செடி, கட்டுக் கட்டா வெட்டிட்டு வந்து பாத்தி மேல கூரை மாதிரி சாய்ச்சு வச்சா பனி நாத்து மேல விழாது. காலனிக்கே என் கேட்டுதான் காலண்டர். ஒரு டாக்டர் இருக்கார் எங்க தெருவுல, பெரிய படிப்பு, அவரே வந்து நின்னு கேட்டுட்டுப் போவார்.

எழுதின தேதிக்கு ரெண்டு நாள் முன்ன பின்ன பனி வரும். வந்துடும் சார். முதல்ல நீர்ப்பனி, அப்புறம் வெள்ளையா உறைபனி. பொங்கல் வரைக்கும் ஆடும். பிப்ரவரி பாதியில மூட்டையைக் கட்டிட்டுப் போயிடும். அதுக்கும் மரியாதை இருந்தது, எனக்கும் இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்கு ஒரு அம்மா குடி வந்தாங்க. மரகதவல்லின்னு பேரு. அருப்புக்கோட்டை. அரசாங்க ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிடயர் ஆனவங்க. கல்யாணம் கிடையாது. வெயில்ல வெந்து போச்சு உடம்பு, கொஞ்ச நாள் குளிர்ல இருக்கணும்னு வந்துட்டாங்களாம். சரி வாங்கன்னோம். என் சம்சாரம் லோகாம்பாளுக்கு அந்தம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பு பிடிச்சுப் போச்சு. அதோட அவ கட்சி மாறிட்டா.

ஒண்ணு சொல்லிடறேன் சார், எனக்கு யார் மேலயும் பொறாமை கிடையாது. அது என் ரத்தத்துலயே இல்ல.

வந்த புதுசுல அந்தம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது. பேன்சிக்கும் பெட்டூனியாவுக்கும் வித்தியாசம் தெரியாது. "அண்ணாச்சி, இது களையா, செடியா?"ன்னு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கேக்கும். அண்ணாச்சி, அண்ணாச்சின்னு ஒரு நாளைக்குப் பத்து தடவை. எனக்கும் நல்லாத்தான் இருந்தது. நல்ல பொம்பளைன்னுதான் நினைச்சேன். கேக்கத் தெரிஞ்ச ஆளைப் பிடிக்கும் எனக்கு.

மறு வருஷம் நவம்பர் இருபதுன்னு எழுதினேன். எல்லாரும் மூடினாங்க. பனி வரல. இருபத்தஞ்சு ஆச்சு, வரல. டிசம்பர் ஒண்ணு, பத்து, வரல. பகல்ல சட்டையைக் கழட்டிப் போடற மாதிரி வெயில். பஜார்ல ஒரு கடையில சீலிங் ஃபேன் தொங்க விட்டிருந்தான் சார், ஊட்டியில, டிசம்பர்ல. நான் நின்னு பார்த்தேன். விக்கிறதுக்குத்தான் வச்சிருந்தான்.

அந்தம்மா பத்தாவது நாளே மிலாரை எடுத்துட்டாங்க. "வெயில் இந்தக் காய் காயுது, புள்ளைகளுக்கு எதுக்கு அண்ணாச்சி போர்வை?"ன்னாங்க. நான் சிரிச்சேன். வரட்டும் பனி, தெரியும் சேதின்னு உள்ளுக்குள்ள நினைச்சேன். நாங்க நாப்பத்தியோரு வீடும் அஞ்சு வாரம் மூடியே வச்சிருந்தோம். நாத்து எல்லாம் வெளிச்சம் இல்லாம வெளுத்து, நெட்டையா, தலையைத் தொங்கப் போட்டு நின்னுது. உறைபனி வந்தது டிசம்பர் இருபத்தெட்டு. அதுக்கு முதல் நாள் சாயங்காலம் அந்தம்மா தானா மூடிட்டாங்க. நான் கேட்டேன், "யாரும்மா சொன்னது?"ன்னு. "யாரும் சொல்லல அண்ணாச்சி, மண்ணு சில்லுன்னு இருந்துச்சு"ன்னாங்க.

மண்ணு சில்லுன்னு இருந்துச்சாம். முப்பத்தாறு வருஷம் மண்ணுல கிடந்தவன்கிட்ட சொல்றாங்க.

அந்த மே மாசம் அவங்களுக்கு ரெண்டாவது பரிசு. எனக்குத்தான் முதல், ஆனா நடுவர் ரெண்டு தோட்டத்துக்கும் நடுவுல ரொம்ப நேரம் நின்னார். அது எனக்குப் பிடிக்கல. அடுத்த வருஷம் முதல் பரிசே அவங்களுக்கு. எனக்கு மூணாவது. சங்கச் செயலாளர் கோபிநாத் வந்து, "மேஸ்திரி, காலம் மாறுது, நாமளும் மாறணும்"னார். முப்பத்திரெண்டு வயசு அவனுக்கு. காக்கட்டான் கொடிக்கும் பாவக்காய் கொடிக்கும் வித்தியாசம் சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்.

என்ன உரம் போடறாங்கன்னு கண்டுபிடிக்கணும்னு நினைச்சேன். குப்பை கொட்டப் போற மாதிரி அந்த வீட்டு முன்னாடி நாலு தடவை நடப்பேன். எங்க வீட்டுல அவ்வளவு குப்பையே கிடையாது சார். பேப்பரைக் கிழிச்சு பக்கெட்டுல போட்டு எடுத்துட்டுப் போவேன். உரமும் காணோம், மருந்தும் காணோம். அந்தம்மா காலையில காப்பி டம்ளரோட வெளிய வரும். ஒவ்வொரு பாத்தியிலயும் குனிஞ்சு மண்ணுல கையை வைக்கும். காய்ச்சல்காரன் நெத்தியில வைக்குமே, அந்த மாதிரி. அப்புறம் உள்ள போய் ஒரு அட்டையில எழுதும். ஆஸ்பத்திரியில கட்டில் கால்ல தொங்குமே சார்ட்டு, அதே மாதிரி ஒண்ணு வாசக்கதவுல ஆணியில தொங்குது. குளிர் எவ்வளவு, வெயில் எவ்வளவு, மழை உண்டா, இலை எப்படி இருக்கு, எல்லாம். ஒரு நாள் விடாம. நான் எட்டிப் பார்த்தேன். ஜனவரி ஏழு, ஜெக்கராண்டா பூத்திருக்குன்னு எழுதியிருந்தது. ஜனவரியில எவனாவது ஜெக்கராண்டா பூத்துப் பார்த்திருக்கானா? எனக்கு நம்பிக்கை இல்ல. அண்ணாந்து பார்த்தேன். பூத்துத்தான் இருந்தது. நான் அந்த மரத்துக்குக் கீழதான் தினம் நடக்கிறேன்.

அதிர்ஷ்டம் சார், வேற ஒண்ணும் இல்ல. வானமே அந்தம்மா பக்கம் சாய்ஞ்சிடுச்சு. எனக்கு உழைச்ச வானம் வேற. இவங்களுக்கு இறங்கி வந்த வானம் வேற.

போன வருஷம் நவம்பர் முதல் ஞாயிறு. நான் குளிச்சு, ஸ்வெட்டர் மாட்டி, டீயை வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்தேன். எட்டு மணி ஆச்சு. ஒன்பதாச்சு. யாரும் வரல. பத்து மணிக்கு டாக்டர் வந்தார். எனக்கு உசிரு வந்தது, எழுந்திரிச்சு நின்னேன். அவர் கையைத் தூக்கி வணக்கம் சொல்லிட்டு நேரா பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்துக்கிட்டு உள்ள போறார். அப்புறம் கோபிநாத். அப்புறம் தபால் ஆபீஸ்காரர் குடும்பத்தோட. நான் எண்ணினேன். பதினேழு பேர். சிரிப்புச் சத்தம் கேக்குது. காப்பி டம்ளர் சத்தம் கேக்குது. என் சம்சாரம் பின்பக்க வழியா போய் அவங்களுக்குக் காப்பி ஆத்திக் குடுத்துக்கிட்டு இருக்கா. என் வீட்டு டம்ளரை எடுத்துட்டுப் போய்.

பொறாமைதான் சார். சொல்லிட்டேன். யாரு நீங்க, எங்கயோ போறவரு, உங்ககிட்ட சொன்னா என்ன. வயிறு எரிஞ்சுது. அந்தம்மா தோட்டத்துல ஒரு பூ விரிஞ்சா என் நெஞ்சுல முள்ளு ஏறின மாதிரி இருக்கும். பேன்சி ஒவ்வொண்ணுக்கும் மூஞ்சி இருக்கும்ல, அது அத்தனையும் என்னைப் பார்த்து இளிக்கிற மாதிரி இருக்கும். இருந்தும் நான் கேட்டுல தேதி எழுதினேன். யாரும் கேக்காமலே எழுதினேன். நவம்பர் இருபத்திரெண்டு. மறுநாளே மழை பிடிச்சு அடிச்சு, சாக்பீஸ் எல்லாம் ஓடிப் போச்சு. லோகு வந்து, "மறுபடி எழுதலையா?"ன்னா. "வேண்டாம், போ"ன்னுட்டேன். அப்புறம் நான் எழுதவே இல்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

இந்த வருஷம் பிப்ரவரி. ரெண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை. எல்லா வீட்டுலயும் மூடித்தான் வச்சிருந்தாங்க, ஏன்னா ஜனவரி கடைசியில நல்ல பனி விழுந்தது. அன்னைக்குப் பகல்ல சுள்ளுன்னு வெயில். சாயங்காலம் அஞ்சு மணிக்கு காத்து அப்படியே செத்துப் போச்சு. வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்தது, ஒரு துளி மேகம் இல்ல. என் கால் முட்டி ரெண்டும் வலி எடுத்துது. சார், தேதியை விடுங்க, தேதி பொய் சொல்லலாம். இதெல்லாம் பொய் சொல்லாது. இன்னைக்குக் கொட்டப் போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. மிச்சம் இருக்கற கட்டுகளை எல்லாம் எடுத்து, என் பாத்தி மேல மிலாரை ரெண்டாவது அடுக்கு போட்டேன். லோகுதான் கட்டு கட்டா எடுத்துக் குடுத்தா. கடைசிப் பாத்தி முடியற நேரம் வேலிகிட்ட குரல் கேட்டுது.

"அண்ணாச்சி, வேலையா இருக்கீகளா?"

"சொல்லும்மா."

"நாலு நாளா பகல்ல நல்ல சூடு. புள்ளைக வேர்த்துப் போயிருக்கு. மிலாரை எடுத்துரலாமான்னு பாக்கேன். நீங்க என்ன சொல்லுதீக?"

ரெண்டு வருஷம் கழிச்சு என்கிட்ட கேக்குறாங்க சார். ரெண்டு வருஷம். நான் நின்ன இடத்துல நின்னேன். கையில மிலார் கட்டு. வேலிப் பொதருக்கு இந்தப் பக்கம் என் பாத்தி, அங்க இருந்து பார்த்தா தெரியாதுன்னு நினைச்சேன். அந்தம்மா முகத்தைப் பார்த்தேன். கள்ளங்கபடம் இல்லாம நிக்கிறாங்க.

"எடுத்துடும்மா"ன்னேன். "பனி முடிஞ்சுது. இனிமே வராது."

"நீங்க சொன்னா சரி அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

லோகு என்னைப் பார்த்தா. நான் அவளைப் பார்க்கல. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பத்து அடி தூரம் வேலி. செருப்பைக்கூட மாட்ட வேண்டாம். நான் போகல. காலையில அந்தம்மா தோட்டம் முழுக்கக் கருகிக் கிடக்கும், பதினேழு பேரும் வந்து பார்ப்பாங்க, அப்புறம் அடுத்த நவம்பர்ல எந்தக் கேட்டு முன்னாடி நிக்கிறாங்கன்னு பார்க்கிறேன்னு படுத்திருந்தேன். இப்படி நினைச்சவன் நான்தான் சார். வேற யாரும் இல்ல.

விடிஞ்சுது. கூரை மேல சத்தம் கேட்டுது. என்ன சத்தம்னு தெரியல எனக்கு. எழுந்திரிச்சு கதவைத் திறந்தா, மழை.

பிப்ரவரியில சார். பெருமழை இல்ல, சன்னமா, நிதானமா, நனைச்சுக்கிட்டே இருக்கற மழை. எங்கயோ கடல்ல காத்தழுத்தமாம், ரேடியோவுல சொன்னான். மூணு நாள் விடல. எனக்கு ஜன்னி வந்த மாதிரி ஆயிடுச்சு. மிலாரை எடுக்கலாம்னா, மூணு நாளும் ஒரு தைரியம் வரல. மழை நின்னதும் பனி விழுமே, இப்ப எடுத்து அப்ப கொட்டினா என்ன பண்றது? அப்படியே விட்டேன். நாலாம் நாள் எடுத்துப் பார்த்தா, ரெண்டு அடுக்கும் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுக் கனத்து நாத்து மேல உக்காந்திருக்கு. காத்து இல்ல. தண்டு எல்லாம் அடியில அழுகி, தொட்டா கையோட வருது. சினரேரியா ஒண்ணு மிஞ்சல. ஸ்டாக் பூச்செடி போச்சு. பேன்சியில பத்துக்கு எட்டு போச்சு. காலனியில எல்லாருக்கும் சேதம்தான், ஒரு அடுக்கு போட்டவனுக்குப் பாதி, எனக்கு முழுசு. அந்தம்மா தோட்டம் மட்டும் திறந்து கிடந்து, மழையைக் குடிச்சுட்டு, பச்சைப் பசேல்னு நிக்குது. பனியும் வரல. இந்த வருஷத்துப் பனி அதோட முடிஞ்சே போச்சு.

என் பொய்யை வானம் உண்மையாக்கிடுச்சு சார். என் உண்மை என் பாத்தியில கிடந்து அழுகிடுச்சு. இது எந்த ஊர் நியாயம்னு சொல்லுங்க.

மே மாசம். முதல் பரிசு யாருக்குன்னு நான் சொல்லணுமா. எங்க சங்க ஹால்ல விழா. நான் போகமாட்டேன்னேன், லோகு இழுத்துட்டுப் போனா. கடைசி வரிசையில உக்காந்தேன். அந்தம்மாவைக் கூப்பிட்டாங்க, கப்பு குடுத்தாங்க, மைக்கை நீட்டினாங்க. ஒரு நன்றி சொல்லிட்டு இறங்கிடுவாங்கன்னு பார்த்தேன்.

"இந்தக் கப்பு எனக்கு உரியது இல்ல"ன்னாங்க. "பிப்ரவரியில எல்லாரும் மூடி வச்சிருந்தப்ப, எடுத்துருன்னு எனக்கு ஒருத்தரு சொன்னாக. வானம் வெறிச்சுன்னு இருந்துச்சு, மழை வரும்னு யாரும் நினைக்கல. அண்ணாச்சி மட்டும் சொன்னாக. மேஸ்திரி அண்ணாச்சி வரணும்."

கை தட்டுறாங்க சார். கதவு ஜன்னல் அதிருது. டாக்டர் எழுந்து நிக்கிறார். கோபிநாத் ஓடி வந்து என் கையைப் பிடிச்சு மேடைக்கு இழுக்கிறான். எங்க இருந்தோ ஒரு சால்வை வந்துது. போர்த்தினாங்க. மே மாசம், எனக்கு வேர்த்து ஊத்துது. அந்தம்மா கப்பை என் கையில குடுத்துட்டு ஓரமா நிக்கிறாங்க. "அப்படின்னா மேஸ்திரி தோட்டம் ஏன் அழுகிச்சு?"ன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் கேட்டிருந்தா போதும். நான் அங்கயே விழுந்திருப்பேன். ஒருத்தனும் கேக்கல. ஊருக்குச் சொல்லிட்டு தன்னுதை விட்டுட்டார் பெரிய மனுஷன்னு தபால் ஆபீஸ்காரர் பக்கத்துல சொல்றது என் காதுல விழுது. லோகு மட்டும் என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தா. வீட்டுக்கு வந்து சால்வையை மடிச்சு பீரோவுல வச்சா. ரெண்டாவது அடுக்குக்குக் கட்டு எடுத்துக் குடுத்தவ அவதானே.

மறுநாள் காலையில கப்பைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். சொல்லிடணும்னுதான் போனேன். சத்தியமா. அந்தம்மா பாத்தியில குனிஞ்சிருந்தாங்க.

"இந்தாம்மா, இது உன்னுது. அன்னைக்கு நான் சொன்னது…"ன்னு ஆரம்பிச்சேன்.

அந்தம்மா நிமிரல. கையை மண்ணுல வச்சுக்கிட்டே சொன்னாங்க. "தெரியும் அண்ணாச்சி. நீங்க ரெண்டு அடுக்கு போட்டதைப் பாத்தேன்ல."

"அப்புறம் ஏம்மா எடுத்தே?"

"நீங்க சொன்னதுக்காக எடுக்கல. அன்னைக்குப் பொழுதோட நானும் மூடித்தான் வச்சேன். விடியங்காட்டி வந்து பாத்தா வானம் மூட்டம் போட்டுருச்சு, மண்ணுல கை வச்சா குளிரே இல்ல, புழுங்குது. மழைன்னு தெரிஞ்சுச்சு. எடுத்துட்டேன்."

"அப்ப எதுக்கு மைக்குல என் பேரைச் சொன்னே? என்னை அசிங்கப்படுத்தவா?"

அப்பதான் நிமிர்ந்து பார்த்தாங்க. "போன நவம்பர்ல கேட்டுல எழுதினது அழிஞ்சு போச்சு, நீங்க மறுபடி எழுதவே இல்ல. தினம் அந்த வழியாத்தான் பால் வாங்கப் போறேன். வெறும் கேட்டைப் பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி. அதான்."

அதான். அவ்வளவுதான் சொன்னாங்க. நர்ஸுங்க பேசுவாங்கல்ல, ஊசி போட்டாச்சு எழுந்திருங்கன்னு, அந்தக் குரல்ல. காப்பி சாப்பிடுறீகளான்னு கேட்டாங்க. நான் கப்பை வேலி ஓரத்துல வச்சுட்டு வந்துட்டேன். சாயங்காலம் லோகு அதை எடுத்துட்டு வந்து எங்க ஷோகேஸ்ல வச்சுட்டா. அந்தம்மாதான் குடுத்து அனுப்பினாங்களாம்.

நீங்களே சொல்லுங்க சார். திட்டியிருந்தா நான் தாங்கியிருப்பேன். நாலு பேரைக் கூட்டி, இந்த ஆளு இப்படிப் பண்ணான்னு சொல்லியிருந்தா, காலனியை விட்டே போயிருப்பேன், ஆனா தாங்கியிருப்பேன். எனக்கு எது வேணுமோ அதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, பிச்சை போடற மாதிரி என் கையில போட்டா? கப்பும் அவங்க ஜெயிச்சாங்க, பெருந்தன்மையும் அவங்களே ஜெயிச்சுட்டாங்க. எனக்குன்னு ஒரு பொறாமை இருந்தது, அதைக்கூட நிம்மதியா வச்சுக்க விடல அந்தம்மா. நல்லவங்களா இருக்கறதுக்கு ஒரு அளவு வேண்டாமா?

இப்ப எல்லாரும் என்கிட்டதான் வர்றாங்க. பழையபடி. இல்ல, பழையதைவிட ஜாஸ்தி. பக்கத்துக் காலனியில இருந்துகூட வர்றாங்க. நான் டாக்டர்கிட்ட நேராவே சொல்லிட்டேன், "எனக்குத் தெரியாதுங்க, காலம் எனக்குப் பிடிபடல, அந்தம்மாவைக் கேளுங்க"ன்னு. அவர் என் தோளைத் தட்டி, "இந்தத் தன்னடக்கம்தான் மேஸ்திரி உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது"ன்னுட்டுப் போறார். சங்கத்துல தீர்மானம் போட்டுட்டாங்களாம், நவம்பர் முதல் ஞாயிறு என் கேட்டுல தேதி எழுதறதை விழா மாதிரி நடத்தணும்னு. கோபிநாத் பந்தல்காரன்கிட்ட பேசிட்டான். அக்டோபர் பாதி ஆச்சு, மழை நிக்கறதா வேண்டாமான்னு அதுக்கே தெரியல, ரோஜா இப்பவே மொட்டு வைக்குது, ராத்திரி ஸ்வெட்டர் இல்லாம படுக்கிறேன். நான் எதைப் பார்த்துத் தேதி எழுதுவேன்? அதான் கிளம்பிட்டேன். கோயமுத்தூர்ல மக வீடு. டிசம்பர் வரைக்கும் இருக்கலாம்னு. பேரனுக்கு உடம்பு சரியில்லன்னு காலனியில சொல்லியிருக்கேன். அவன் நல்லாத்தான் இருக்கான்.

லோகு வரல. பக்கத்து வீட்டுல கருவாட்டுக் குழம்பு.

என்ன சார், வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறீங்க? சிரிங்க, பரவால்ல. மரத்தை அறுத்துட்டாங்க போல, முன்னாடி வண்டி நகருது.

என்ன கேட்டீங்க? காந்தல்ல இந்த வருஷம் எப்ப மூடணும்னா?

சார், இவ்வளவு நேரம் நான் என்ன சொல்லிக்கிட்டு வந்தேன்? தெரியலன்னு ஊரை விட்டு ஓடி வந்தவன்கிட்ட கேக்குறீங்களே.

காந்தல்ல எந்தப் பக்கம் வீடு? பள்ளத்துலயா, மேட்டுலயா? பள்ளமா. பள்ளத்துல குளிர் இறங்கித் தேங்கும், நகராது. மழை இந்த மாசக் கடைசியோட நின்னுடும். நின்னா பதினஞ்சு நாள் வெயில் அடிக்கணும். அப்படிப் பார்த்தா… நவம்பர் பதினேழு. குறிச்சு வச்சுக்குங்க சார். பதினேழு சாயங்காலம், சூரியன் இறங்கறதுக்கு முன்னாடி மூடிடுங்க. பதினாறு சீக்கிரம், பதினெட்டு லேட்டு. மாறாது, நான் சொல்றேன்ல. ஒரு மனுஷன் மதிச்சு வாய் திறந்து கேக்கும்போது தெரியாதுன்னு எப்படி சார் சொல்றது.

மண்ணைத் தொட்டுப் பாரு, மேகத்தைப் பாருன்னு யாராவது ஏதாவது சொல்லுவாங்க. காதுல வாங்காதீங்க. முக்கியமா எங்க காலனிப் பக்கம் வந்து யார்கிட்டயும் கேட்டுடாதீங்க.